புகார் அக்கா வீட்டு இரண்டு ஓட்டுகள்

தெருவில் அவளை எல்லோரும் புகார் அக்கா என்றுதான் அழைத்தார்கள். அவள் யார்மீதும் புகார் சொல்லித் திரிகிறவள் அல்ல. குடிநீர் வாரியத்தின் புகார் பிரிவில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. கணவர் நகரப் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிறவர். ஆகவே அவர் டயர்க்காரர். கல்யாணமான புதிதில், "போன் எடுக்கிறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"ஒரு நாள் எனக்குப் பதிலா வந்து உட்காருங்க. சாயங்காலம் காது இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கலாம்" என்றாள் அவள். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

கூப்பிடுகிறவர்கள் கத்துவார்கள். குழாயில் தண்ணீர் வராதவனுக்கு வாயில் என்னென்னவோ வரும். அவள் குறுக்கே பேச மாட்டாள். கத்துகிறவர் எங்கேயாவது மூச்சு வாங்க நிறுத்துவார், அந்த இடத்தில் மெல்ல நுழைந்து, "எந்தத் தெரு?" என்பாள். பெயரெல்லாம் அப்புறம்தான். பழுது பார்த்தாகிவிட்டது என்று ஃபிட்டர் வந்து சொன்னால் மற்றவர்கள் அந்தப் புகாரை முடித்துவிடுவார்கள். அவள் முடிக்க மாட்டாள். புகார் சொன்னவரையே கூப்பிட்டு, "குழாயைத் திறந்து போனைப் பக்கத்துல வைங்க, நான் கேக்கணும்" என்பாள். தண்ணீர் விழும் சத்தம் காதில் கேட்டால்தான் அவள் வரைக்கும் வேலை முடிந்தது. சில சமயம், "இது வரலைங்க, ஒழுகுது. மறுபடி ஆள் அனுப்பறேன்" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஃபிட்டர்களுக்கு அவளிடம் பயம். அவளைப் பற்றி வெளியில் பேசும்போது கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊரார் புகாரையெல்லாம் இப்படி நெஞ்சில் சுமந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டிருந்தாள். டயர்க்காரரும் அப்படித்தான். காரணம், இருவருக்கும் நடுவில் இருந்த ஓர் ஒப்பந்தம்.

அவர் கட்சி ஒன்று, அவள் கட்சி வேறு. பணிமனையில் கூலியாளாக இருந்தவரை நிரந்தரமாக்கப் போராடியது அவர் கட்சி. அவள் படித்த பெண்கள் பள்ளியைத் திறந்தது அவள் கட்சி. இரண்டு பேருமே நன்றி மறக்காதவர்கள், அதுதான் வம்பு. முதல் தேர்தலின்போது வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்து கரிந்து நாறியும் இருவருக்கும் மூக்கில் ஏறவில்லை. கடைசியில் ஒன்றாகவே போய், வெயிலில் வரிசையில் நின்று, ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவருக்கு ஒன்று தோன்றியது.

"ஏம்மா, நான் ஒண்ணு போட்டேன். அதுக்கு எதிரா நீ ஒண்ணு போட்டே. மிச்சம் என்ன?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "வெயில்தான் மிச்சம்."

சிரித்தார்கள். அடுத்த தேர்தலுக்கு நீயும் போகாதே, நானும் போகவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து தேர்தல் நாளில் சாப்பிட உட்காரும்போது இருவரும் கையை நீட்டி விரலைக் காட்டியாக வேண்டும். மை இல்லை என்று பார்த்த பிறகுதான் தட்டில் சோறு விழும். "திருப்பிக் காட்டுங்க, நகத்துக்கு அடியில என்ன கருப்பு?" என்பாள். "அது டயர் கருப்பும்மா, போன ஜென்மத்துலேர்ந்து இருக்கு" என்பார். ஒரு முறைகூட யாரும் ஏமாற்றவில்லை. இதை அவர் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வார். கல்யாண வாழ்க்கையில் காப்பாற்றிய சத்தியங்களில் இதுவே சுலபமானது என்பாள் அவள்.

வீட்டில் சுலபம். பணிமனையில்தான் அது அவரைப் படுத்தியது. அங்கே தேநீர் நேரத்தில் ஒரு வழக்கம். தேர்தல் முடிந்த மறுநாள் ஃபோர்மன் எல்லோருடைய விரலையும் பார்ப்பார். மை உள்ளவன் அடுத்த தேர்தல் வரைக்கும் அரசாங்கத்தைத் திட்டலாம். மை இல்லாதவன் வாயைத் திறந்தால் அன்றைக்கு எல்லோருடைய தம்ளரையும் கழுவ வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தது, வருஷங்கள் போகப் போகச் சட்டமாகிவிட்டது. ஓட்டுநர்கள் சாலையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். டயரில் கல் ஏறிய தடத்தைப் பார்த்தே வண்டி எந்தச் சாலையில் அடி வாங்கியது என்று டயர்க்காரருக்குத் தெரியும். ஆனாலும் அவர் தேநீரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொறுக்க முடியாமல், "அந்தப் பள்ளம் இருக்கே..." என்று ஆரம்பித்தால் போதும்.

"வாங்க டயர்க்காரரே, தம்ளர் காத்துக்கிட்டிருக்கு" என்பார் ஃபோர்மன்.

அன்றைக்கெல்லாம் சொல்லாமல் விழுங்கியதை வீட்டில் வந்து கொட்டுவார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவளுக்கு அந்தச் சட்டத்தில் சம்மதம் இல்லை. "எங்க போன்ல இத்தனை பேர் பேசறாங்க. ஒருத்தர்கிட்டயாவது 'நீங்க ஓட்டுப் போட்டீங்களா'ன்னு கேட்டா என் நாக்கு அழுகிடாதா? தாகம் எல்லாருக்கும்தானே?"

"அப்ப நானும் டெப்போவுல பேசலாம்கறே?"

"அது உங்க வீரம். தம்ளர் கழுவத் தெரியும்னா பேசுங்க."

ஆனால் சில மாலைகளில் அவள் பேசாமல் வருவாள். பையை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். "என்னம்மா?" என்றால், "என்னால எழுதிக்கத்தான் முடியுது" என்பாள். அதற்குமேல் அவர் துருவ மாட்டார். தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அவர் போடும் தேநீர் நன்றாக இருக்காது. அவள் ஒரு நாளும் அதைப் புகாராகச் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் அவள் இறந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்திருந்தாள். வாரத்தின் முடிவில் வீட்டில் அவர் மட்டும் இருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. ஊரின் வேறு மூலைகளிலிருந்து வந்திருந்தார்கள். "அக்காவை நாங்க பாத்ததில்லைங்க, குரல்தான் தெரியும்" என்றார் ஒருவர். தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று இன்னொரு அம்மாள் அழுதாள். டயர்க்காரர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். தன் பேச்சுக்கு மட்டும்தான் அவள் அவ்வளவு காது கொடுத்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அப்படி இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம்கூடப் பொறாமை வரவில்லை. மனது நிறைந்துதான் போயிற்று.

அவர்கள் எல்லோரும் போன பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். தொலைக்காட்சியில் செய்தி ஓடும். அவள் கட்சித் தலைவர் ஏதாவது பேசுவார். "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்காக நிறுத்துவார். சமையலறையிலிருந்து எதிர்ப் பேச்சு வராது. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் தான் சொல்வது சரியா தப்பா என்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

கோடை வந்ததும் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. பிறகு பழுப்பாக வந்தது. பிறகு அதுவும் இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் புகார் எண்ணை அவர் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை, வீட்டிலேயே சொல்லிவிடுவார். அன்றைக்கு முதல் முறையாக எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓர் இளம் பெண் எடுத்தாள். வணக்கம் சொன்னாள். டயர்க்காரருக்கு இத்தனை வருஷப் பணிமனைப் பழக்கம் முந்திக்கொண்டு வாயில் வந்தது.

"அம்மா... நான் ஓட்டுப் போடாதவன்மா. நான் சொல்லலாமா?"

மறுமுனையிலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல் வந்தது. "அய்யா, அதெல்லாம் நான் கேக்கவே இல்லையே. எந்தத் தெரு?"

சொன்னார். "வீட்டுக் குழாயைத் திறந்து போனைப் பக்கத்துல வைங்க அய்யா. நான் கேக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

வைத்தார். காற்று மட்டும் சீறியது. அவர் அந்தக் குழாயடியில் குந்தி உட்கார்ந்தபடி சத்தம் வராமல் அழுதார். போனை மறுபடி காதில் வைத்தபோது, "உங்களுக்கு இதை யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. ஏன்யா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இரு."

மறுநாளே ஃபிட்டர் வந்தார். யார் வீடு என்று தெரிந்ததும் செருப்பை வெளியே விட்டு வந்து, அவள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெருவைத் தோண்டிக் குழாயின் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் காட்டினார். உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை இருந்தது.

"இதைத் தட்டிக் கொட்டி ஒரு மாசம் ஓட்டலாம் அண்ணே. தெரு முழுக்கப் புதுக் குழாய் போட்டாத்தான் தீரும். அது எங்க கையில இல்லை, நகரசபையில முடிவு பண்ணணும். அக்கா இந்தத் தெருவுக்காக எத்தனை தடவை எழுதி அனுப்பினாங்க தெரியுமா? மேல போய் நின்னுடும். அங்க கேக்கறதுக்கு ஆள் வேணும்ல?"

அவள் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாலைகள் அவருக்கு அப்போதுதான் விளங்கின.

நகரசபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுக் கேட்கிறவர்கள் பக்கத்துத் தெருவரைக்கும் வந்து திரும்பிப் போனார்கள். வழக்கம்தான். இந்த முறை டயர்க்காரர் ஓடிப்போய்த் தன் கட்சிக்காரனையே மறித்தார்.

"ஏன்பா, எங்க தெரு கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் நெளிந்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க தெருவுல பாதிப் பேர் வர்றதே இல்லை. கேட்டா, 'புகார் அக்கா வீட்டுலயே போடறதில்லை, நாங்க போட்டு என்னத்த'ங்கறாங்க. வராத தெருவுக்கு யாருண்ணே பயப்படுவாங்க?"

டயர்க்காரர் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு பேருக்கு நடுவில் சரியாக இருந்த கணக்கைத் தெருவே எடுத்துக்கொண்டது அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவளுக்கு இது தெரிந்திருந்தால் ஒப்பந்தத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பாள். தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

ஓட்டுப் போட வேண்டும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. ஆனால் மனது ஒப்பவில்லை. எதிரே உட்கார வேண்டியவள் இல்லாதபோது இவர் ஓட்டு மட்டும் நிற்கும். சீட்டு விளையாடும்போது அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து அவள் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது அது. ஊரின் மறுகோடியில் குடியிருந்த மகளிடம் போனில் சொன்னார்.

"அப்ப அம்மா கட்சிக்கே போட்டுடுங்களேன்பா. ஒரு தடவைதானே?"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா விளக்குமாத்தை எடுப்பா. இரக்கப்பட்டுப் போடற ஓட்டை வாங்கிக்கிற ஆளா அவ? 'மூளை இருக்கறவங்க ஓட்டுதான் எங்களுக்கு வேணும்'னு சொல்லுவா."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவர் கேட்டார்.

"உன் பேர் இன்னும் இந்த வீட்டு விலாசத்துலதானே இருக்கு? நீ வாயேன்."

"நம்ம வீட்ல அது பழக்கமே இல்லையேப்பா."

"அதான் சொல்றேன், பழகிக்கலாம் வா."

"நான் அம்மா பக்கம், தெரியும்ல? உங்க ஓட்டு மறுபடி அடிபட்டுடும்."

"அடிபடட்டும்மா" என்றார் டயர்க்காரர். சொன்னதும் பல மாதங்களாக அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. "தெருவுலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்கன்னு ஆகும்ல? எதிர்த்துப் போட ஆள் இருந்தாத்தான் எனக்கும் தைரியமா இருக்கும்."

அந்த வாரம் அவர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாருக்குப் போடச் சொல்கிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். "யாருக்கு வேணா போடுங்க. வந்து நில்லுங்க. நாங்க போகாம இருந்தது எங்க வீட்டுச் சண்டைக்காக. அதை நீங்க ஏன்யா எடுத்துக்கிட்டீங்க?" என்றார். மாடி வீட்டுக்காரர், "போடாதவங்க கேக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தீங்களா?" என்று முறைத்தார். "கேளுங்க, தாராளமா கேளுங்க. ஆனா கேக்கறது போய்ச் சேர வேண்டாமா?" என்றார் டயர்க்காரர். மாடி வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். தேர்தல் அன்று அவரே வரிசையில் நின்று, இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கூட வகுப்பறை. குட்டைப் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, அட்டையால் ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் நின்றபோது அவருக்கு முதலில் நினைவு வந்தது அவள் கட்சியின் நியாயங்கள்தான். இத்தனை வருஷம் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு, தன் கட்சியின் நியாயத்தைவிட அவை அவருக்குச் சரளமாக இருந்தன. ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டினார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பார்த்தார். சிலவற்றுக்குப் பதில் இல்லை. எல்லாம் முடித்துவிட்டுத் தன் கட்சிக்கே போட்டார். கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஓட்டு அல்ல அது. அப்படிப் போடவிடாமல் தன்னை ஆளாக்கியவளுக்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் மகள் நின்றிருந்தாள். யாருக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தார்கள்.

மறுநாள் பணிமனையில் ஃபோர்மன் அவர் விரலைப் பார்த்துவிட்டு, மறுபடி பார்த்தார். தேநீர்க் கூட்டமே எழுந்து நின்றது.

"இது மைதானா, டயர் கருப்பா?"

"மோந்து பாருங்க."

"சரி, பேசுங்க டயர்க்காரரே. இன்னிக்கு உங்க நாள்."

அவர் பேசினார். ஆஸ்பத்திரி முனையில் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும் பள்ளத்திலிருந்து ஆரம்பித்து, தேநீர் ஆறிப் போகும்வரை பேசினார். "இவ்வளவையும் எங்கய்யா வெச்சிருந்தீங்க?" என்றார் ஒரு ஓட்டுநர்.

"வீட்டுல கொட்டிக்கிட்டிருந்தேன். இப்ப அங்க ஆள் இல்லை."

அப்போது பேருந்து கழுவும் பெண் தன் பகுதியில் தெருவிளக்கு எரியாததைப் பற்றி மெல்ல ஆரம்பித்தாள். அவள் விரலில் மை இல்லை. பட்டியலில் தன் பெயரைக் காணோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஃபோர்மன் தம்ளர்ப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவ இருட்டுல நடந்து போறா. விரலைப் பாத்தா விளக்கு எரியுமாய்யா?" என்றார் டயர்க்காரர். "நீ சொல்லும்மா. எந்தத் தெரு?"

அன்றைக்குத் தம்ளர்களை அவரும் ஃபோர்மனும் சேர்ந்து கழுவினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, சும்மா கழுவினார்கள்.

ஓட்டு எண்ணிக்கையில் அவர் கட்சிக்காரரே ஜெயித்தார். முன்பென்றால் இரண்டு நாளாவது வீட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். அவளும் உடனே, "ஜெயிச்சாச்சுல்ல, இனி என்ன செய்யறாங்கன்னு பாக்கறேன்" என்று தொடங்கிவிடுவாள். அவர் கட்சி ஆண்ட காலமெல்லாம் அவர்கள் குறையை அவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தது. இனி அந்த வேலையும் தன் தலையில்தான் என்று அவருக்குப் புரிந்தது.

வேலை முடிந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், புது உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனார். அறை முழுக்க வாழ்த்த வந்தவர்கள். உறுப்பினர் ஒவ்வொருவர் கையையும் குலுக்கிக்கொண்டிருந்தார். இவர் முறை வந்தது.

"உங்களுக்குத்தான் தம்பி நான் ஓட்டுப் போட்டேன்."

"ரொம்ப நன்றிண்ணே!"

"அதனாலதான் முதல் வேலையா வந்தேன்" என்று தெருவின் பெயரைச் சொல்லி, ஃபிட்டர் வெட்டிக் கொடுத்த குழாய்த் துண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். துரு உதிர்ந்து மேசைக் கண்ணாடிமேல் சிதறியது. உறுப்பினர் துண்டைப் பார்த்தார். அதன் துளையில் கண்ணை வைத்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது.

"பாக்கலாம்ணே. இப்பத்தானே வந்திருக்கோம். கொஞ்சம் டைம் குடுங்க."

"தாராளமா குடுக்கறேன்" என்று டயர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க."